வேன் வந்த பிறகுதான் வெடி

என் பிரியமுள்ள முனீஸ் அண்ணனுக்கு,

உன் மாரி எழுதுகிறேன். உன் மேஜையில், உன் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் நடுவே நோட்டை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ இருந்தால், "ஏலே, நடுவுல எதையும் வைக்காத, சத்தம் அதுல பட்டுத் தெறிக்கும்" என்று நோட்டைப் பிடுங்கியிருப்பாய். பிடுங்கட்டுமே என்றுதான் வைத்திருக்கிறேன்.

இந்தக் கடிதம் எங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலரில் வரப்போகிறது. உன்னைத் தெரியாதவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்கு நன்றாகத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கிச் சொல்வேன். "இதெல்லாம் எனக்குத் தெரியாதாக்கும்" என்று முறைக்காதே. அந்த மலர் நம் அப்பா வேலை பார்க்கும் அச்சகத்தில்தான் அச்சாகிறது. மிஷினிலிருந்து வரும் முதல் தாளை எடுத்துப் பார்ப்பது அப்பாதானே, அவர் கண்ணில்தான் இது முதலில் படும். அப்பா, நீங்கள் படித்தாலும் பரவாயில்லை. மை காய்வதற்குள் கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணே, உனக்கு அவசரமாகச் சொல்லவேண்டிய செய்தி ஒன்று இருந்தது. போன மாதம் உன் ஸ்பீக்கர்கள் இரண்டையும் மைக்செட் கணேசன் அண்ணனிடம் கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் அதைச் சொல்ல வேண்டுமென்றால் அவை வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொன்னால்தான் சரியாக இருக்கும்.

நீ லேபிள் டிசைன் செய்யும் கடையில் வேலை பார்த்துக்கொண்டே வாங்கிய ஸ்பீக்கர்கள் அவை. அட்டைப் பெட்டியைப் பிரித்தபோது பாதித் தெரு நம் வீட்டுக்குள் நின்றது. கறுப்பாக, அலங்காரம் எதுவும் இல்லாமல், இரண்டு சின்னப் பெட்டிகள். "இதுக்குப் பேரு ஸ்டுடியோ மானிட்டர். பாட்டு ரெக்கார்டு பண்றவங்க தப்புக் கண்டுபிடிக்க வச்சிருக்கிறது" என்றாய். எதிர்வீட்டுப் பேச்சியக்கா கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"இதுக்கா இம்புட்டு அலப்பறை? எங்க வீட்டு டப்பா இதவிடக் கும்முன்னு அதிரும்லே."

"அதிர்றது பாட்டுக்குள்ள இருந்தா இதுவும் அதிரும்க்கா. இல்லாததை இது போடாது."

"இல்லாததப் போடாட்டி, அப்புறம் எதுக்குலே ஸ்பீக்கரு?"

நீ சிரித்துக்கொண்டே வயரைச் சொருகினாய். அன்று சாயங்காலம் அப்பா வந்து ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். பிறகு நகத்திலிருந்த மையைச் சுரண்டிக்கொண்டே, "எங்க மிஷினுக்குப் பக்கத்துல கலர் பாக்க ஒரு வெள்ளை லைட்டு தொங்கும்ல, அது மாதிரியாலே?" என்று கேட்டார். சாமிப் படக் காலண்டரை அந்த விளக்குக்கு அடியில் வைத்துத்தான் முருகன் முகத்தில் மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அது எந்தப் படத்தையும் அழகாக்கிக் காட்டாது. "அதேதாம்ப்பா" என்று நீ துள்ளினாய். உன்னை முதலில் புரிந்துகொண்டவர் அப்பாதான்.

எனக்குப் புரிய நாளானது. நான் போனில் தினமும் கேட்கும் பாட்டை நீ அதில் போட்டாய். பாட்டு மெலிந்து, கரகரவென்று, அடுத்த வீட்டுக் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. பாட்டைக் கெடுத்துவிட்டாய் என்று நான் அழுதேன். "நான் கெடுக்கல மாரி. யாரோ யார்கிட்டயோ இருந்து காப்பி பண்ணிப் பண்ணி இது முன்னமே கெட்டுப்போச்சு. உன் போனு அதை உங்கிட்ட சொல்லல, அம்புட்டுதான்" என்றாய். அடுத்த வாரம் அதே பாட்டின் நல்ல பிரதியைத் தேடிப் பிடித்து, உன் நாற்காலியில் என்னை உட்கார வைத்தாய்.

பாடுகிறவர் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், எதுவுமே இல்லாத இடத்தில் நின்றார். நான் கையை நீட்டித் தொட்டுப் பார்த்தேன். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் அவர் மூச்சு இழுத்தது கேட்டது. எத்தனையோ தடவை கேட்ட பாட்டு அது. அந்த மூச்சு அதில் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அன்றுதான் நீ முக்கோணத்தைச் சொல்லிக்கொடுத்தாய். இரண்டு ஸ்பீக்கர்கள் இரண்டு மூலை, கேட்கிறவர் தலை மூன்றாவது மூலை, மூன்றும் ஒன்றுக்கொன்று ஒரே தூரம். சமபக்க முக்கோணம் பாடப்புத்தகத்துக்கு வெளியே வாழ்வதை நான் முதன்முதலாகப் பார்த்தது நம் வீட்டில்தான். காது உயரத்துக்கு வரவேண்டும் என்று, எழுத்து மாறி அச்சாகி ஒதுக்கிய காலண்டர் அட்டைகளை அப்பாவிடம் கேட்டு வாங்கி, கட்டுக் கட்டாக அடுக்கி அதன்மேல் அவற்றை வைத்தாய். சுவரை விட்டு ஒரு முழம் தள்ளி இருக்க வேண்டும் என்று மேஜையில் இன்சுலேஷன் டேப் ஒட்டி இடம் குறித்தாய். அம்மா தூத்துப் பெருக்கும்போதெல்லாம் இடத்தை அடைக்கிறது என்று சுவரோடு தள்ளிவிடுவாள். நீ வந்து முன்னால் இழுப்பாய். தினமும் காலையில் அவள் தள்ள, தினமும் மாலையில் நீ இழுக்க, இரண்டு பேரும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

மூன்றாவது மூலையில் ஒருவர்தான் உட்கார முடியும். அது உன் இடம். நான் உன் நாற்காலிக்குப் பின்னால் தரையில், புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு.

கேம் விளையாடும்போது மட்டும் என்னையும் சேர்த்துக்கொள்வாய். உன் கூட்டாளிகள் எல்லாம் ஹெட்போன் மாட்டி விளையாடுவார்கள். "நம்ம ஊரு வெயிலுக்கு அத மாட்டுனா காது அவிஞ்சு போகும்" என்று நீ ஸ்பீக்கரிலேயே விளையாடினாய். திரையில் எதிரி தெரிவதற்கு முன் அவன் காலடி கேட்கும். "வலது பக்கம், படியேறுறான்" என்பேன் புத்தகத்திலிருந்து தலை தூக்காமல். நீ திரும்பிச் சுடுவாய். "உன் காதுக்கு ஒரு மெடல் குடுக்கணும்லே" என்பாய். பெண் பிள்ளையைப் போய் ஏலே என்கிறாயே என்று அம்மா அடுப்படியிலிருந்து சத்தம் போடுவாள். இப்போது என்னை யாரும் ஏலே என்று கூப்பிடுவதில்லை அண்ணே. எல்லோரும் மரியாதையாக மாரீஸ்வரி என்கிறார்கள்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது.

மதிய நேரம். தெருப்பக்க ஜன்னல் திறந்திருந்தது. புதிதாக வந்த ஒரு கேமில் ஒரு சரக்குக் கிட்டங்கி வெடித்துச் சிதறும். நீ சத்தத்தை நன்றாகத் திருகி வைத்திருந்தாய். அது வெடித்தது. நம் ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நீ கேமில் அடுத்த அறைக்குள் எதிரியைத் தேடிப் போய்க்கொண்டிருந்தாய், எனக்குத்தான் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது. ஒரு ஆள் ஓடும் சத்தம். பிறகு நிறைய ஆட்கள் ஓடும் சத்தம்.

எட்டிப் பார்த்தால் தெருவே முக்கில் நின்று வானத்தில் புகையைத் தேடிக்கொண்டிருந்தது. நம் தெருவில் பட்டாசு ஆலைக்கு ஆள் போகாத வீடு ஒன்றுகூட இல்லை. எல்லோர் காதிலும் போன். பேச்சியக்கா, ஆலையில் இருந்த நம் அம்மாவைப் போனில் பிடித்துவிட்டாள். "ஏத்தா, உசுரோட இருக்கியா? எங்க வீட்டு மனுசன் அங்கன இருக்காராத்தா?" என்று அலறினாள். அம்மா அந்தப் பக்கம், "இங்கன ஒண்ணும் இல்லையே, எந்தப் பக்கம் சத்தம்?" என்று கேட்க, வேறெங்கோ வெடித்துவிட்டது என்று அந்த ஆலையே வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றிருக்கிறது.

நீ கையில் கேம் கன்ட்ரோலருடன் வாசலில் போய் நின்றாய். "அக்கா... அது... ஸ்பீக்கருக்கா" என்றாய். பேச்சியக்கா வேகமாக வந்தாள். உன் முதுகில் ஒரு அடி வைத்தாள். "தெருவையே ஓட வச்சிட்டியேலே பாவி! அன்னைக்கு இது அதிராதுன்னு சொன்னது என் தப்புதான். அதுக்காக இப்படியா அதிர வைப்ப?" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். பிறகு சிரித்தாள். உனக்கு முகமெல்லாம் செத்துப்போயிருந்தது. உள்ளே வந்ததும் மட்டும் என்னிடம் மெதுவாக, "அம்புட்டுப் பேரும் நிஜம்னு நம்பிட்டாங்க பாத்தியா" என்றாய். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. எனக்குத் தெரியும்.

சாயங்காலம் ஆலை வேனிலிருந்து இறங்கிய அம்மா உன்னைத் திட்டவில்லை. அந்தச் சத்தத்தைப் போடச் சொல்லி, மெதுவாக வைத்துக் கேட்டாள். "இது நிஜம் இல்ல" என்றாள். "வெடிச்சதும் டபக்குன்னு அடுத்த சத்தம் வந்துருது பாரு. நிஜத்துல அப்படி வராது. வெடிச்சப்புறம் ஒரு காக்கா கூடக் கத்தாது. அந்த அமைதிதாம்லே பயம்." பிறகு எழுந்து போகும்போது சொன்னாள், "இனிமே வேன் வந்தப்புறம்தான் இந்த வீட்டுல வெடி."

அது சட்டமாகிவிட்டது. நீ பகலில் பாட்டு கேட்பாய், கார் ஓட்டுவாய், பந்து விளையாடுவாய். துப்பாக்கியும் குண்டும் அம்மாவின் வேன் முக்கு திரும்பிய பிறகுதான். உன் கூட்டாளிகள் ஆன்லைனில் காத்திருந்து, "என்னடா, வேன் வந்துருச்சா?" என்று கேட்பார்கள். சென்னையில் இருக்கும் பையன்கூடக் கேட்பான். அவனுக்கு எந்த வேன், எதற்கு வேன் என்று எதுவும் தெரியாது.

அம்மா சொன்னது உன்னை விடவில்லை. நிஜ வெடியையும் அதற்குப் பிந்திய அமைதியையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினாய். ஆனைக்குட்டம் அணைக்கு இந்தப் பக்கம் உள்ள பொட்டலில் அம்மாவின் கம்பெனிக்காரர்கள் சாம்பிள் வெடித்துப் பார்ப்பார்கள். போர்மேனிடம் கெஞ்சி, தூரத்தில் நின்றுகொள்ள அனுமதி வாங்கினாய். என்னையும் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனாய். காற்றுச் சத்தம் விழாமல் இருக்க இடம் வலம் பிரித்துப் பிடிக்கும் உன் மைக்குக்குப் பழைய பொம்மையின் ரோமத்தைத் தைத்து மாட்டியிருந்தாய். அதற்குப் பெயர் நாய்க்குட்டி. அதைக் குச்சியில் கட்டி நமக்கு நடுவில் நான் தூக்கிப் பிடிக்க வேண்டும். அசையக்கூடாது, பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது. நீ இடப் பக்கம், நான் வலப் பக்கம். பெங்களூரில் கேம் செய்கிற சின்னக் கம்பெனி ஒன்று உன் வெடிகளைக் கேட்டுவிட்டு, தங்கள் கேமில் போட்டுக்கொள்வதாகச் சொன்ன அன்று நாம் பரோட்டா சாப்பிட்டோம்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை. காய்ச்சல் என்று படுத்தாய். விருதுநகர் ஆஸ்பத்திரியில் பார்த்து மதுரைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். போகும்போது நாம் எல்லோரும் ஒரே வண்டியில் போனோம். வரும்போது நீ முன்னால் ஒரு வண்டியில், நாங்கள் பின்னால் ஒரு வண்டியில் வந்தோம். இதற்குமேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

நீ போன பிறகு ஸ்பீக்கர்களின் மேல் அம்மா ஒரு துண்டைப் போட்டு மூடினாள். ஒருநாள் துண்டை விலக்கிப் பார்த்தேன். இரண்டும் சுவரோடு சுவராக ஒட்டி நின்றன. காலையில் தள்ள ஆள் இருந்தது. மாலையில் இழுக்க ஆள் இல்லை. டேப் ஒட்டிய இடம் வெறுமனே கிடந்தது. அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நான் இழுத்து வைக்க ஆரம்பித்தேன். போட்டுக் கேட்கத் தைரியம் வரவில்லை. சரியான இடத்தில் வைத்துவிட்டு மறுபடியும் துண்டைப் போட்டுவிடுவேன். மறுநாள் சுவரோடு இருக்கும். அம்மாவும் நானும்கூட இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இந்த வருஷம் அந்தக் கேம் வெளியாகிவிட்டது, அண்ணே! உன் பெயரைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெங்களூர்க் கம்பெனி அண்ணன் ஒருவர் போன் செய்து அப்பாவிடம் சொன்னார். நான் கணினியில் ஏற்றி, ஹெட்போனில் விளையாடிப் பார்த்தேன். ஒரு பாலம் வெடிக்கிறது. அது உன் ஆனைக்குட்டத்து வெடி. எனக்குத் தெரியாதா? ஆனால் அவர்களுக்கு வெடி மட்டும்தானே தேவை. வெடிக்கு முன்னால் பதிவில் நீ பேசியதும் இல்லை, பின்னால் உள்ள அமைதியும் இல்லை. பாலம் விழுந்ததும் டபக்கென்று அடுத்த சத்தம் வந்துவிட்டது. அம்மா சொன்னதுபோலவே.

இப்போது கணேசன் அண்ணன் விஷயத்துக்கு வருகிறேன். உன் சிநேகிதன்தான், மைக்செட் போடுகிறவர். அவர்மேல் தப்பில்லை. போன மாதம் வந்து, "சும்மா கிடந்தா உள்ள இருக்கிற ரப்பர் இத்துப்போகும்மா. நான் கொண்டுபோயி நம்ம பய நெனப்பா வச்சு ஓட்டுறேன்" என்றார். அம்மா யோசிக்கவே இல்லை.

"வர்ற வெள்ளிக்கெழம வந்து எடுத்துட்டுப் போய்யா."

"அம்மா, அது ஒரு ஆள் உட்கார்ந்து கேட்கச் செஞ்சது. மண்டபத்துக்கு ஆகாதும்மா" என்றேன் நான்.

"ஆகுது, ஆகல. அந்தப் பக்கம் திரும்புனா அவன் முதுகுதான்டி தெரியுது எனக்கு. ஒரு வருஷமாப் பாத்துட்டேன். போதும்."

எனக்கும் உன் முதுகுதான் தெரிகிறது. நான் அதைப் பார்ப்பதற்காகத்தான் திரும்புகிறேன். அவள் பார்க்கக்கூடாது என்றுதான் திரும்பாமல் இருக்கிறாள். அந்தப் பெட்டிகள் போய்விட்டால் நான் எந்தப் பக்கம் திரும்புவேன்?

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு ஓடி வந்தேன். வேன் வர நேரம் இருந்தது. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. கணினியில் ஆனைக்குட்டம் என்று நீ பெயர் வைத்த போல்டரில் உன் பதிவுகள் எல்லாம் அப்படியே இருந்தன. அதில் ஒன்றைப் போனில் ஏற்றி நான் ஏற்கெனவே எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். போனில் உன் குரல் வரும், வெடிக்கும், அதற்குப் பிறகு ஒன்றும் இருக்காது. காலியாக இருக்கும்.

முதலில் சவுண்ட் கார்டு, கடைசியில் ஸ்பீக்கர். நீ சொன்ன வரிசை மறக்கவில்லை. டப் என்று ஒரு சத்தம், நீல விளக்கு, பிறகு அந்த உஸ். ஒன்றும் பாடாதபோதும் மெலிதாக வருமே, அந்த உஸ். ஒரு வருஷமாக நம் வீட்டில் என்ன சத்தம் குறைகிறது என்று எனக்குத் தெரியாமலே இருந்தது அண்ணே. அதுதான் குறைந்திருக்கிறது.

ஆனால் வேன் வரவில்லை. வெடி போடக்கூடாது. அதனால் நீ பாட்டுகளை வெட்டி ஒட்டுவதைப் பார்த்துப் பழகிய மாதிரி, வெடியை மட்டும் நடுவிலிருந்து வெட்டி எடுத்தேன். அம்மாவும் கேட்க வேண்டும், அவளுக்கு வெடி வேண்டாம் என்ற எண்ணமும் இருந்தது. தரையில் உட்கார்ந்து போட்டேன். எல்லாம் தலைக்குமேல் போயிற்று. நாற்காலியில் உட்கார்ந்தால்தான் சரியாகக் கேட்கும். நீ உட்கார வைத்து நான் அதில் உட்கார்ந்திருக்கிறேன், நானாக உட்கார்ந்ததில்லை. கொஞ்ச நேரம் அதன் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிறகு உட்கார்ந்தேன்.

"ஆனைக்குட்டம். பெரிய வெடி. மாரி, நாய்க்குட்டியக் கீழ எறக்காத."

அதற்குப் பிறகு, போனில் காலியாக இருந்த இடம். காற்று. எங்கோ ஓர் ஆட்டுமணி. இடப் பக்கம் சரளைக்கல்லில் உன் செருப்பு லேசாக நகர்கிறது. நீ அடக்கி வைத்த மூச்சை விடுகிறாய். வலப் பக்கம் ஒரு சின்ன மூச்சு, வேகமாக, சிரிப்பை அடக்கிக்கொண்டு. அது நான். இடது ஸ்பீக்கரில் நீ, வலது ஸ்பீக்கரில் நான். ரொம்ப நேரம் அப்படியே. கடைசியில் நீ, "ம்... போதும்லே" என்கிறாய்.

அம்மா வேனிலிருந்து இறங்கி, குழாயடியில் கை கால் கழுவி, உள்ளே வந்து நீல விளக்கைப் பார்த்தாள். "அணைச்சிரு" என்றாள். "ஒரே ஒரு தடவம்மா, கணேசண்ணன் வர்றதுக்குள்ள" என்றேன். அவள் அடுப்படி நிலைப்படியில் முதுகைக் காட்டி நின்றாள். நான் போட்டேன். முடிந்தது. அவள் திரும்பவில்லை.

"இன்னொருக்காப் போடு."

போட்டேன். இந்தத் தடவை திரும்பினாள்.

"எங்கடி வெடி?"

"வெட்டிட்டேன்மா. உனக்குப் பிடிக்காதேன்னு."

"பெறகு எதுக்குடி எம்புள்ள வெயில்ல அங்கன போயி நின்னான்?" அம்மா மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். "நான் சொன்னேன்னுதான நின்னான். முழுசாப் போடு."

கேம்காரர்கள் வெடியை எடுத்துக்கொண்டு உன்னை வெட்டிவிட்டார்கள் என்று நான் எவ்வளவு வருத்தப்பட்டேன்! நானும் அதையேதான் செய்திருக்கிறேன், தலைகீழாக. வெட்டியதைத் திரும்ப ஒட்டினேன். போடப் போனேன்.

"இருடி" என்றாள் அம்மா. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

ஒவ்வொரு வீட்டு வாசலாக அவள் போய் நின்றதை ஜன்னலிலிருந்து பார்த்தேன். "இப்ப எங்க வீட்டுல ஒரு சத்தம் கேக்கும். யாரும் பயப்படாதீக. எங்க முனீசு புடிச்ச சத்தம். போன் கீன் போட்டுறாதீக." ஒரு வருஷமாகச் சாவுத் துட்டிக்கும் விசேஷத்துக்கும்கூட யார் வீட்டு வாசலையும் மிதிக்காதவள் அண்ணே.

பேச்சியக்கா மட்டும் மறித்தாள். "எங்க வீட்டு மனுசன் லோடு ஏத்திட்டு ரெண்டாவது வேன்ல வாராரு. அவரு வந்து எறங்கட்டும். சொல்லி வச்சிருந்தாலும் என் நெஞ்சு கேக்காதுத்தா."

"சரி, வரட்டும்" என்றாள் அம்மா.

அதற்குள் கணேசன் அண்ணன் தன் லோடு ஆட்டோவோடு வந்துவிட்டார். எல்லோரும் தெருவில் நிற்பதைப் பார்த்துப் பதறி, "என்னாச்சு?" என்றார். "முனீசு வெடி போடப்போறான், சும்மா நில்லு" என்றாள் பேச்சியக்கா. யாரும் அதைத் திருத்தவில்லை. அப்பாவும் வந்து சைக்கிளை நிறுத்திவிட்டுச் சுவரோரம் நின்றார். தெரு முழுக்க இரண்டாவது வேனுக்காகக் காத்திருந்தது. அம்மாவின் சட்டம் என்றைக்கும் இப்படி நடந்ததில்லை.

வேன் முக்கு திரும்பியது. பேச்சியக்காவின் வீட்டுக்காரர் இறங்கி, தன்னை எல்லோரும் இப்படிப் பார்ப்பது ஏன் என்று தெரியாமல் முழித்தார். "வந்துட்டாருத்தா, போடு!" என்று பேச்சியக்கா ஜன்னல் வழியாகக் கத்தினாள்.

அம்மா உன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரையில் சரியாக எட்டவில்லை. மூன்றாவது மூலையில் அவளை முதல் தடவையாகப் பார்த்தேன். சத்தத்தை அன்றைக்கு நீ வைத்த அளவுக்குத் திருகினேன்.

"ஆனைக்குட்டம். பெரிய வெடி. மாரி, நாய்க்குட்டியக் கீழ எறக்காத."

வெடித்தது. ஜன்னல் கம்பி அதிர்ந்தது. தெருவில் யாரோ, "ஆத்தாடி" என்றார்கள். அணைக்கரையில் மோதி எதிரொலி ஒன்று திரும்பி வந்தது. பிறகு ஒன்றுமில்லை. ஸ்பீக்கரிலும் இல்லை, தெருவிலும் இல்லை. நம் தெருவில் ஒரு வெடிச்சத்தத்துக்குப் பிறகு யாரும் ஓடாமல், யாரும் யாரையும் போனில் தேடாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். எல்லோரும் வந்து சேர்ந்திருந்தார்கள். எல்லோரும் அங்கேயே நின்றார்கள்.

அந்த அமைதிக்குள் ஆட்டுமணி வந்தது. காற்று வந்தது. உன் செருப்பு சரளைக்கல்லில் நகர்ந்தது. அம்மா மெதுவாகத் தலையை இடப் பக்கம் திருப்பினாள். யாரோ பக்கத்தில் வந்து நின்றால் திரும்புவோமே, அந்த மாதிரி. நீ மூச்சு விட்டாய். அவளும் விட்டாள்.

"ம்... போதும்லே" என்றாய்.

"எனக்குப் போதாதுய்யா" என்றாள் அம்மா.

கணேசன் அண்ணன் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். "நான் வேற செட்டுப் பாத்துக்கிறேன்மா. இது இங்கனயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் காலி ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போனார். பேச்சியக்கா போகும்போது, "பய நல்லாத்தான் புடிச்சிருக்கான். ஆனா பாட்டு போட்டா இன்னமும் கும்முன்னு இல்லத்தா" என்றாள். அம்மா சிரித்தாள் அண்ணே. அவளுடைய சிரிப்பு கொஞ்சம் கரகரவென்று ஆகியிருக்கிறது. உன் ஸ்பீக்கரில் போட்டால் அதுவும் தெரியும்.

இப்போது துண்டு இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மா தலை காய வைத்துக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்து பாட்டு கேட்கிறாள். "இந்தப் புள்ள பாடும்போது எச்சி முழுங்குறது கூடக் கேக்குதுடி" என்கிறாள். நான் கேம் விளையாடுகிறேன், மோசமாக. எதிரி படியேறுவது கேட்கிறது, ஆனால் அதைச் சொல்ல ஒருவர், திரும்பிச் சுட ஒருவர் வேண்டியிருக்கிறது. இரண்டு பேர் விளையாட்டு அது என்று எனக்கு அப்போது தெரியவில்லை. நேற்று காலையில் ஒன்று பார்த்தேன். அம்மா மேஜையைப் பெருக்கித் துடைத்தாள், ஸ்பீக்கரைச் சுவரோடு தள்ளினாள், டேப் ஒட்டிய இடத்தைத் துடைத்தாள். பிறகு இரண்டையும் அவளே இழுத்து அதன்மேல் வைத்தாள்.

நீ இப்போது இருக்கிற இடத்தில் சத்தம் உண்டா? அங்கே உனக்கு யார் காலடியைச் சொல்கிறார்கள்?

போர்மேனிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த சாம்பிள் பார்க்கும்போது தூரத்தில் நிற்க விடுவதாகச் சொல்லியிருக்கிறார். அப்பா சைக்கிளில் கூட்டிப்போவார். நாய்க்குட்டியின் ரோமம் கொஞ்சம் உதிர்ந்திருந்தது, தைத்துவிட்டேன். அமைதியை முழுசாகப் பிடிப்பேன், எதையும் வெட்ட மாட்டேன், வேன் வந்த பிறகுதான் வீட்டில் போடுவேன். மைக்குக்கு இடப் பக்கம் யாரையும் நிற்க விட மாட்டேன் அண்ணே. அப்பா கேட்டால்கூட எனக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிடுவேன். இது சத்தியம்.

நாய்க்குட்டியைக் கீழே இறக்காமல்
வலப் பக்கம் நிற்கும் உன் தங்கச்சி,
மாரி